மேல்மாடி அறையில் இரண்டு அப்பாக்கள்

"அங்க போனதும் இவன் யாருன்னு கேட்டா என்னம்மா சொல்லுவே?"

சென்னை விமான நிலையத்தில், எங்கள் பெட்டிகள் இருந்த தள்ளுவண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு என் மாமனார் கேட்ட கேள்வி இது. வேலை கிடைத்திருந்தது எனக்கு. லண்டன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். என் விசாவோடு ஒட்டிக்கொண்டு வருபவர் அவருடைய மகன். அதுவரை எங்கள் பக்கத்தில் மனைவிகள்தான் அப்படிப் போயிருக்கிறார்கள்.

"என் வீட்டுக்காரர்னு சொல்லுவேன் மாமா."

"சொல்லுவே. அங்க கேக்கறவன் நம்பணுமே" என்றார். ஆறு மாதத்தில் இரண்டு பேரும் பெட்டியோடு திரும்பி வந்துவிடுவோம் என்பது அவருடைய முடிவு. அதைப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நாங்கள் லண்டனில் கிங்ஸ்பரிக்கு வந்து சேர்ந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை. கட்டிலைப் போட்ட பிறகு மிச்சமிருந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். நான் சேலை கட்டும்போது அவர் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து மடிப்பு சரியா என்று பார்த்துச் சொல்வார். அவர் பெட்ரோல் நிலையத்துக்கு யூனிபார்ம் போடும்போது நான் ஏறி உட்காருவேன். அந்த அறையில் நாங்கள் சிரித்த சிரிப்புக்குக் கீழே வீட்டுக்கார அக்கா விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டியிருக்கிறார். பிறகு அவரே மேலே ஏறி வந்து, "என்ன பிள்ளை பகிடி? எனக்கும் சொல்லன்" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்.

ஊரில் நான் ஒரு இனிஷியலும் ஒரு பெயரும்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அது அப்பாவின் பெயர். என் கணவரும் அப்படியே அவருடைய அப்பாவின் பெயரை எழுதினார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். அதனால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். லண்டனில் என் பெயர் போய்விட்டது. பள்ளியில் சேர்ந்த முதல் நாள் என் வகுப்பறைக் கதவில் அப்பாவின் பெயர் ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால் 'மிஸஸ்'. அப்பாவுக்கு வைத்திருப்பது எங்கள் காவல் தெய்வத்தின் பெயர். கொடுவாள் மீசையும் உருட்டிய கண்ணும் கையில் அரிவாளுமாக ஊர் எல்லையில் குதிரைமேல் இருக்கும் சாமி. அவரைத் திருமதியாக்கி, கணக்குப் பாடம் எடுக்க விட்டிருந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த நிமிடம் அழுகை வந்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர் அப்பா ஒருவர்தான், சத்துணவு அரிசி மூட்டையை இறக்குவதற்கு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் அவர் சுமை தூக்குகிறார். கையெழுத்துக் கேட்டால் இடது கைப் பெருவிரலை நீட்டுவார். அந்தப் பெயர் லண்டனில் ஒரு வகுப்பறைக் கதவில், அச்செழுத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் முயன்று அதை ஒழுங்காகச் சொல்லப் பழகினார்கள். அதில் ஒருத்தி அதைப் பாட்டாகவே பாடுவாள். நான் அதட்டவில்லை.

கடிதங்களும் அப்படியே வந்தன. வங்கி, வரி, பல் டாக்டர் எல்லாம் எனக்கு எழுதுவதாக நினைத்து அப்பாவுக்கு எழுதின. என் கணவருக்கு எழுதுவதாக நினைத்து மாமனாருக்கு எழுதின. வீட்டுக்கார அக்கா காலையில் உறைகளை ஆளுக்கு ஆள் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு படிக்கட்டின் கீழே நின்று கூப்பிடுவார்.

"பிள்ளை, உங்கட அப்பாக்கு ரெண்டு. தம்பி, உங்கட அப்பாக்கு ஒண்டும் வரேல்லை, பாவம்."

"நேத்து அவருக்கு மூணு வந்துச்சேக்கா!" என்று என் கணவர் மேலிருந்து கத்துவார்.

"மேல ரெண்டு கிழவர்மார் சேர்ந்து இருக்கினம் எண்டு தபால்காரன் நினைக்கிறான். நேற்று என்னட்டைக் கேட்டவன், அவை சகோதரங்களோ எண்டு."

நாங்கள் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தோம். காரணம் இருந்தது. அந்த இரண்டு அப்பாக்களும் எங்கள் கல்யாணத்தின்போதிருந்து பேசுவதில்லை. சண்டை கல்யாணப் பத்திரிகையால் வந்தது. அப்பா அச்சகத்துக்குத் தானே போய், என் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்ஸி., பி.எட். என்பதைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறார். படிக்கத் தெரியாததால் அளவை விரலால் காட்டியிருக்கிறார். மாப்பிள்ளையின் பி.காம். பக்கத்தில் சிறியதாக ஒண்டிக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளை படிப்பு எங்கய்யா? பூதக்கண்ணாடி வச்சுத் தேடணுமா?" என்று மாமனார் மண்டபத்தில் நூறு பேர் முன்னால் கேட்டார். "படிச்சிருந்தா பெருசா போட்டிருப்போம்ல" என்று அப்பா சொல்லிவிட்டார். மறுநாள் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது இரண்டு பேரும் ஒரே பெஞ்சின் இரண்டு நுனியில், நடுவில் நான்கு பேர் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் மாமியாரும் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை வாரம் ஒரு தடவை போனில் பேசிக்கொள்கிறார்கள்.

ஒன்றரை வருடம் சிரிப்பில் போனது. பிறகு விசா முடியும் நாள் வந்தது.

எனக்குப் பள்ளி புதுப்பித்துக் கொடுத்துவிட்டது. அவருக்குத்தான் சிக்கல். விண்ணப்பத்தோடு, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வதற்குச் சான்றாக இருவர் பெயருக்கும் ஒரே முகவரிக்கு வந்த கடிதங்களை வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நாங்கள் கட்டில்மேல் எல்லா உறைகளையும் பரப்பினோம். ஒரு பக்கம் மிஸஸ் அப்பா. ஒரு பக்கம் மிஸ்டர் மாமனார். சேர்ந்து வந்தது ஒன்றுகூட இல்லை. கேஸ் பில்லும் கரண்டு பில்லும் வீட்டுக்காரர் பெயரில். வாடகையைக் கையில் கொடுத்தோம். அந்த உறைகளை மட்டும் பார்க்கிறவருக்கு எங்கள் கல்யாணம் தெரியவே தெரியாது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரு வீட்டில் குடியிருப்பது மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கணவர், வீட்டுக்கார அண்ணை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தை முழுக்கப் படித்தார்.

"இது வில்லங்கம்தான் தம்பி. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியனை இப்படித்தான் திருப்பி அனுப்பினவங்கள். மனுசி இங்க, அவன் அங்க. ரெண்டு வருசம்."

அந்த வார்த்தையை நான் சாப்பிடும்போதும் கேட்டேன், வகுப்பில் பின்னம் நடத்தும்போதும் கேட்டேன். மனைவி இங்கே, அவன் அங்கே.

வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "பேரை மாத்திப் போடும் பிள்ளை" என்றார் அண்ணை. "ஒரு வக்கீல்ட்டைப் போனா அரை மணித்தியாலம். புருசன்ர பேரைப் போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை." பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண்ணும் அதையே சொன்னார். கல்யாணமானால் எல்லோரும் மாற்றத்தானே செய்கிறார்கள் என்றார். ஆனால் புருஷன் பெயர் என்று அவர்கள் சொன்னது புருஷனின் பெயரே இல்லை. அது என் மாமனாரின் பெயர். என் வகுப்பறைக் கதவில் இருக்கும் அப்பாவை இறக்கிவிட்டு அவரை ஏற்ற வேண்டும். ஆறு மாதம் தாங்கமாட்டோம் என்று சொன்னவரை.

இரவெல்லாம் யோசித்துவிட்டு என் கணவர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா, வேணும்னா நான் மாத்திக்கறேன். உங்கப்பா பேரை நான் வச்சுக்கறேன்."

"உங்கப்பாவுக்கு யார் சொல்றது?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "சரி, அதை விடு" என்றார்.

காலிங் கார்டு வாங்கி, மண்டி ஆபீஸுக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். பின்னால் வெங்காய லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாத்திக்க கண்ணு" என்றார், யோசிக்காமல். "என் பேரை எதுக்கு அத்தன தூரம் சுமந்துட்டு அலையிற? அது என்ன மூட்டையா? எறக்கி வச்சுட்டு மாப்பிள்ளைய வச்சுக்க."

"கதவுல உங்க பேரு போட்டிருக்குப்பா."

"எந்தக் கதவுல?"

அதுவரை நான் அதை அவருக்குச் சொன்னதே இல்லை. சொன்னேன். பிள்ளைகள் பாட்டாகப் பாடுவதையும் சொன்னேன். "பெரிய எழுத்தா?" என்று கேட்டார். கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது.

மாமனாரிடம் அவர் மகன் பேசினார். நான் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டிருந்தேன். விசா விஷயம் முழுவதையும் விட்டுவிட்டு மாமனார் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். "என் பேருக்கு லண்டன்ல லெட்டர் வருதாடா? கவர்ல அச்சடிச்சா? ஒண்ணு அனுப்பி வை." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தாளுக்கும் வருதா? யாருக்கு ஜாஸ்தி வருது?"

போனை வைத்த பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. பெயரை மாற்றுவதில்லை என்று நான் அப்போது முடிவு செய்தேன். வக்கீலிடம் போய்ப் பெயரை மாற்றுவதைவிட விசா அதிகாரிக்குப் புரிய வைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை, மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று நம்ப வைத்தவள் நான்.

"நம்பலேன்னா?" என்று அவர் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

"நம்ப வைப்பேன்."

ஆனாலும் சான்று வேண்டும். விசா அலுவலகத்துக்கு நேரில் போக மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நாங்கள் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி ஒன்றாகச் சேர்ந்தோம். நூலகத்தில் இரண்டு பெயரையும் எழுதி அட்டை வாங்கினோம். நீச்சல் குளத்தில் சேர்ந்து உறுப்பினரானோம். இருவருக்கும் நீச்சல் தெரியாது. பத்திரிகைகளிலிருந்து இலவச விளம்பரக் கூப்பன்களை வெட்டி, இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதித் தபாலில் போட்டோம். அவை வந்து குவிந்தன. தோட்டமே இல்லாத எங்களுக்குத் தோட்டத்து ஊஞ்சல் புத்தகம். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. காது கேட்கும் கருவி. தாய்லாந்து கடற்கரையில் பதினான்கு நாள், தம்பதிகளுக்கு மட்டும். எல்லா உறையிலும் மிஸஸ் அப்பாவும் மிஸ்டர் மாமனாரும் ஒன்றாக இருந்தார்கள்.

"தாய்லாந்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போயினமாம்" என்று அக்கா அந்தப் புத்தகத்தைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு படியேறி வந்தார். அதில் பனைமரத்தடியில் ஒரு ஜோடி கைகோத்து நின்றது. அக்கா மீசையையும் கொண்டையையும் பேனாவால் வரைந்து வைத்திருந்தார்.

குறித்த நாளில் விசா அலுவலகம் இருக்கும் குரோய்டனுக்குப் போனோம். விடியற்காலையிலேயே ஜூபிலி லைன் ரயிலில் ஏறினோம். நான் பட்டுச் சேலை. அவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட். மடியில் துணிக்கடைப் பை நிறைய உறைகள். வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்திருந்தார். ஊரில் அவர் ஒருநாளும் எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்ததில்லை. "ப்ராக்டீஸ்" என்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் அதிகாரி. பாஸ்போர்ட் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஊஞ்சல் புத்தகத்தை எடுத்தார், வைத்தார். காது கேட்கும் கருவி விளம்பரத்தை எடுத்தார். எங்கள் காதுகளைப் பார்த்தார்.

"இவையெல்லாம் இந்த மாதம் வந்தவை" என்றார்.

"ஆமாம்."

"அதற்கு முன்னால் வந்த கடிதங்களில் ஏன் நீங்கள் சேர்ந்து இல்லை? உங்கள் குடும்பப் பெயர் வேறு, இவருடையது வேறு. இந்தக் குடும்பங்கள் யார்?"

என் கணவரின் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. பையில் இருந்ததெல்லாம் வீண் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் ஒரு பேனா கேட்டேன். கண்ணாடியின் கீழே இருந்த இடுக்கு வழியாக நீட்டினார். பேனா கைக்கு வந்ததும் பயம் போய்விட்டது. எதிரே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு மாணவி.

ஊஞ்சல் புத்தகத்தின் பின்னட்டையில் கட்டங்கள் போட்டேன். "இது குடும்பப் பெயர் இல்லை. இது என் அப்பாவின் சொந்தப் பெயர். அவருடைய அப்பாவின் பெயர் அவருக்கு முன்னால் ஒரு எழுத்தாக நிற்கும். எனக்கு அது கிடையாது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு படி நகரும்."

"அப்படியானால் உங்கள் பாட்டனாரின் பெயரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்களா?"

"போடமாட்டோம். ஒரு படி பின்னால் வைத்துவிடுவோம்."

"உங்கள் கணவருக்கும்?"

"அதே விதி." நான் மாமனாருக்கு ஒரு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தேன். பிறகு கல்யாணப் பதிவேட்டின் நகலை எடுத்து வைத்தேன். "இதோ பெண்ணின் அப்பா பெயர். என் பாஸ்போர்ட்டில் இருப்பது. இதோ மாப்பிள்ளையின் அப்பா பெயர். அவருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெயரோடு வந்திருந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். அப்படி இருந்தால் நாங்கள் அண்ணன் தங்கை."

அவர் நகலையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய விரல் நகலில் சாட்சிகள் வரிசைக்கு வந்தது. "இது என்ன, மை கொட்டிவிட்டதா?"

"அது என் அப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. "அவருக்கு எழுதத் தெரியாது. நான் கணக்கு டீச்சர். என் வகுப்பறைக் கதவில் அவர் பெயர் இருக்கிறது."

பிறகு அவர் பேனாவைத் திரும்ப வாங்கி, ஊஞ்சலுக்குப் பக்கத்தில் தனக்கு ஒரு கட்டம் போட்டார். தன் பெயரை எழுதினார். அதன்மேல் அவருடைய அப்பாவின் பெயரை எழுதினார். அது வீட்டில் கூப்பிடும் குட்டிப் பெயர் மாதிரி இருந்தது. மிஸஸ் சேர்த்து ஒருமுறை மெதுவாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பக்கத்து ஜன்னலில் இருந்தவரைக் கூப்பிட்டு அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டார். அவரும் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

"கடைசியாக ஒரு கேள்வி" என்றார் அதிகாரி. "உங்கள் பெயர்கள் யாருக்குக் குடும்பப் பெயர்?"

"இன்னும் யாருக்கும் இல்லை" என்றேன். என் கணவரின் காது மடல்கள் சிவந்தன.

மதியத்துக்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதாவது, மாமனாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டியிருந்தது. என் கணவர் அதைத் திறந்து பார்த்தார், மூடினார், திறந்து பார்த்தார். வெளியே வந்து நடைபாதையில் என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பட்டுச் சேலையின் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. ஒரு பஸ் நிறுத்தத்தின் பின்னால் நின்று சொருகிக்கொண்டேன். அவர் கோட்டை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார். அங்கே நின்றுகொண்டேதான் யோசனை வந்தது. காகிதத்தில் ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறவர்களை நேரிலேயே கூப்பிட்டால் என்ன?

அம்மாவுக்கும் மாமியாருக்கும் முதலில் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்றேன். மாமியார் அம்மாவோடு பேசிவிட்டுத் திரும்பிப் போன் செய்தார். "முதல்ல ஆம்பளைங்க ரெண்டு பேரையும் அனுப்பி வைக்கறோம்மா. ஒரு மாசம் நாங்க இங்க நிம்மதியா இருக்கோம்." பாஸ்போர்ட் வேலை முழுவதையும் அந்த இரண்டு பெண்களும்தான் முடித்தார்கள். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் ஆபீஸில் ஒரு நாள், மாமனாருக்கு வேறு நாள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. வீட்டுக்கார அக்கா கீழ் அறையில் இருந்த தையல் மெஷினை எடுத்துவிட்டு இரண்டு கட்டில் போட்டுவிட்டார். "நடுவில ஒரு அடிதான் விட்டிருக்கிறன்" என்றார். "கூட விட்டால் சண்டைக்கு இடம் கிடைச்சிடும்."

போன வாரம் இரண்டு பேருக்கும் விசா வந்தது. நேற்று மதிய இடைவேளையில், வெம்பிளியில் உள்ள டிராவல்ஸ் கடைக்குப் போய் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஊரிலிருந்து சென்னை தனித்தனி ரயில். சென்னையிலிருந்து லண்டன் ஒரே விமானம், ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்து இருக்கை.